துருப்பிடித்த தட்டு இருந்ததா?

மார்ச் 10, திங்கள்

ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். போன வாரம் மாலை வகுப்பில் படித்துக் காட்டிய பக்கத்தில், 'கரித்தூள் மயில் கழுத்தைப் போல மின்னியது' என்று எழுதியிருந்தேன். இன்று காலை அக்காவின் கரித்தூள் புட்டியைத் திறந்து பார்த்தேன். மின்னவில்லை. பழைய செருப்பின் அடிப்பக்க நிறம். திருத்திவிட்டேன். திருத்தியதும் வாக்கியம் சப்பென்று ஆகிவிட்டது. இருக்கட்டும்.

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போகும் கதை எழுதும் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் நடக்கிற, ஆனால் உங்களுக்கே சரியாகப் புரியாத ஒன்றை எழுதுங்கள். 'நான்' என்ற சொல் வரக்கூடாது. உங்களையும் வெளியே நின்று பாருங்கள்.

மற்றவர்கள் கூரையைப் பார்த்து யோசித்தார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் என் அக்கா ஆரஞ்சுத் தோலைக் காந்தத்தில் ஒட்ட வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே கதைக்குள் 'தங்கச்சி' என்று ஒருத்தி வருவாள். அது நான்தான். கதைக்கு வெளியே, அடைப்புக்குறிக்குள்ளும் நட்சத்திரக் குறிக்குப் பக்கத்திலும், நான் நானாகவே இருப்பேன். இது உங்களுக்குக் குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'சாயப் பட்டறையின் பின்கட்டில் அக்கா நின்றிருந்தாள். அவள் கண்களில்'

(கண்களில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. புகை இருந்தது. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'கழிவுப் பொருள்களிலிருந்து காந்தத்தன்மையுள்ள கரியைத் தயாரிக்கும் முயற்சிகள் இன்று பல'

(இதைப் படிக்கிறவர் அடுத்த வரியில் தூங்கிவிடுவார். நானே கொட்டாவி விட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. துருப்பிடித்த இரும்புத் தட்டில் ஆரஞ்சுத் தோல்களும் எலுமிச்சைத் தோல்களும் சாறு கசிந்து கிடந்தன. தங்கச்சி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படியேறினாள்.'

இது நின்றது. வகுப்பில் ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கிப் படிக்க வேண்டும். என் பக்கத்து இருக்கைக்காரி பகலில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். யாருடைய தாளையும் சிவப்புப் பேனா இல்லாமல் தொடமாட்டாள். அதனால் அவளுக்கு வகுப்பில் பெயரே சிவப்புப் பேனா. 'துருப்பிடித்த இரும்புத் தட்டு' என்ற சொற்களைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஒண்ணுதான் நேர்ல பார்த்து எழுதுன மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். மயிலு கழுத்தாம். மயில எங்க பார்த்த நீ?"

அன்று வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு தட்டை உண்மையாக எழுதிவிட்டேன் என்று.

3

இனி கதை.

தங்கச்சியின் அக்கா முன்பு ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். எதையும் அளக்காமல் தொடமாட்டாள். தேநீருக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் மேல் விரலால் மட்டம் தட்டிவிட்டுத்தான் போடுவாள். அவளுக்கு வாய்த்த கணவரோ, அதாவது தங்கச்சியின் மாமா, வாழ்க்கையில் எதையும் அளந்ததில்லை. சாயப் பட்டறை நடத்துபவர். பொடியைக் கையால் அள்ளித் தொட்டியில் தூவுவார், கொதிக்கிற நீரை எட்டிப் பார்ப்பார், "வந்துட்டா" என்பார். எல்லா நிறமும் அவருக்குப் பெண்பால். சிவப்பு மட்டும் கொஞ்சம் சண்டைக்காரி.

தங்கச்சி பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிறாள். மாலையில் வகுப்பு. இருப்பதெல்லாம் அக்கா வீட்டில்தான். பட்டறைக்கு மேலே அவளுக்கு ஓர் அறை. கீழே கொதிக்கும் தொட்டிகளின் சூட்டில் குளிர்காலத்திலும் அந்த அறையின் தரை வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது இல்லை. பட்டறை மூடிக் கிடக்கிறது.

சாயம் கலந்த கழிவுநீர் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வாய்க்கால் ஊதா நிறத்தில் ஓடியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஆய்வு அதிகாரி வந்தார், ஷட்டரை இறக்கச் சொன்னார். தண்ணீர் தெளிந்து வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் திறக்க விடுவேன், கடைசியாக ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற வெள்ளிக்கிழமை காலை வருகிறார். அன்றும் தெளியாவிட்டால் மாமாவும் அக்காவும் வேறொரு ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே மாமாவின் அண்ணன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். தம்பி வந்தால் தங்க ஓர் அறையை வெள்ளையடித்தும் வைத்துவிட்டார். அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

(கடைசி வாக்கியத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். 'தங்கச்சி தனியாகிவிடுவாள்' என்று எழுதினால் அழுகிற மாதிரி இருந்தது. அறையின் அளவோடு நிறுத்திக்கொண்டேன்.)

அக்கா கையில் எடுத்தது தோல். தெருமுனை ஜூஸ் கடையில் நாள் முழுக்கப் பிழிந்து எறியும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்கள். செய்முறை கேட்பதற்குச் சுலபம். தோலைக் காயவைக்க வேண்டும். அன்னபேதி கரைத்த நீரில் ஊறவைக்க வேண்டும்.* பிறகு மண்பானைக்குள் அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசிக் காற்றுப் போகாமல் மூடி, விறகுக் கழிவு எரியும் பழைய பீப்பாய்க்குள் இறக்கிவிட வேண்டும். தோல் எரியாமல் கரியாகும். அதைப் பொடித்துச் சாயத் தண்ணீரில் போட்டால், சாயத்தைக் கரி பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்துக்கொண்ட கரியைத் தண்ணீரிலிருந்து எப்படி வெளியே எடுப்பது? அங்கேதான் காந்தம் வருகிறது. கரிக்குள் இரும்பு சரியாகச் சேர்ந்திருந்தால், வெளியே காந்தத்தை வைத்தால் போதும். சாயத்தையும் இழுத்துக்கொண்டு தூள் ஓரமாக வந்துவிடும். நடுவில் தண்ணீர் தெளிந்து நிற்கும்.

* அன்னபேதி என்பது இரும்பிலிருந்து வரும் ஒரு பச்சை உப்பு. நிறம் கறுக்க வேண்டுமென்றால் சாயப் பட்டறைகளில் சேர்ப்பார்கள். மாமா அதை 'பச்சைக்கிளி' என்பார். இதைக் கதைக்குள் சேர்க்க முடியவில்லை, இங்கே வைத்திருக்கிறேன்.

தோல் கொண்டுவந்து காயவைப்பது தங்கச்சியின் வேலை. அக்கா ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தாள்.

"இங்க பாருடி, தோல இரும்புல மட்டும் வைக்காத. பிளாஸ்டிக் தொட்டி இருக்குல்ல, அதுலதான் வைக்கணும். எவ்வளவு இரும்பு உள்ள போகுதுன்னு எனக்குக் கணக்குத் தெரியணும். கண்டதுல வச்சேன்னா கணக்குப் போச்சு."

"சரிக்கா."

"சரிக்கான்னு தலைய ஆட்டிட்டுப் போய்க் கனவு கண்டுட்டு நிக்காத."

முதல் பானைகள் வாய்க்கவில்லை. கரி சாயத்தைப் பிடித்தது, ஆனால் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் முன்பைவிடக் கறுத்தது. "சாயத்த மை ஆக்கிட்ட, பேனா கம்பெனி ஆரம்பிச்சுடலாம்" என்று மாமா சொன்னார். அக்கா அடுத்த பானைக்குத் தோல் எடை போடப் போய்விட்டாள்.

பிறகு போன மாதம், பருவம் தப்பி மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில், ஒரு பானை வாய்த்தது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தத்தை அக்கா அருகே கொண்டுபோனதும் தூள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழுந்து பாய்ந்தது. ஒரு கண்ணாடிக் குவளை ஊதாத் தண்ணீரில் ஒரு கரண்டி. கலக்கினாள், பொறுத்தாள், காந்தத்தைக் குவளையின் பக்கவாட்டில் ஒட்டினாள். ஊதா அப்படியே ஓரம் போய் அட்டையாக ஒட்டிக்கொண்டது. நடுவில் வெறும் தண்ணீர். மாமா விரலை விட்டுப் பார்த்தார், விரலை வெளிச்சத்தில் காட்டினார்.

"குடிக்கலாமா?"

"குடிச்சுத் தொலைக்காதீங்க."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்துக்கொண்டே தங்கச்சி

(தங்கச்சி என்ன செய்தாள் என்று நினைவில்லை. அவளும் சிரித்திருப்பாள்.)

அந்தப் பானைக்குத்தான் அக்கா முதல்முதலாக மூடியைக் களிமண்ணால் பூசியிருந்தாள். அதற்குமுன் சும்மா மூடியை வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைப்பாள். ஆகவே விஷயம் களிமண்ணில் இருக்கிறது என்று முடிவு செய்தாள். அடுத்தடுத்த பானைகளுக்கும் களிமண் பூசினாள். எதுவும் ஒட்டவில்லை. பூச்சில் விரிசல் விட்டிருக்கும் என்றாள். இன்னும் கெட்டியாகப் பூசினாள். அப்போதும் இல்லை. வாய்த்த பானையில் மிச்சமிருப்பது ஒரு சின்னப் புட்டித் தூள்.

4

நேற்று ஞாயிறு. சாப்பிடும்போது நடந்த பேச்சைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"இருக்குற புட்டிய காட்டிட்டு அனுப்பிடலாம்" என்றார் மாமா. "ஒரு கிளாஸ் தண்ணி தெளிஞ்சா மனுஷன் வாயப் பொளந்துட்டுப் போயிடுவாரு."

"அப்புறம்? அடுத்த வாரம் தொட்டி நிறைய சாயம் நிக்குமே, அத எத வச்சுத் தெளிய வைப்பீங்க? உங்க பேச்ச வச்சா?"

"என் பேச்சுக்கு அந்த சக்தி இருந்தா நான் ஏன் சாயம் காய்ச்சுறேன்."

"அவரு குவளை கேக்கல. இங்க, அவரு கண்ணு முன்னாடி, ஒரு குடம் தெளியணும்னு சொல்லியிருக்காரு. ஒரு பானை கரியும் வேணும் அதுக்கு."

"அப்ப ஒரு பானை போடு."

"அதத்தான் சொல்றேன். ஒரே ஒரு பானைதான் போட முடியும். புதன்கிழமை ஊற வச்சா வியாழன் வேகும், வெள்ளி காலையில ஆறும். தப்பாப் போச்சுன்னா அவ்வளவுதான்."

மாமா சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"என்ன ரைட்டரம்மா, உன் கதையில ஒட்டுதா ஒட்டலையா? அங்கயாவது ஒட்ட வச்சிரு."

(சிவப்புப் பேனா சொன்னாள்: "உன் மாமா ரொம்ப நல்லவரா இருக்காரு. நம்ப முடியல. கொஞ்சம் கெட்டவராக்கு." முயன்று பார்த்தேன். மாமா மேசையைத் தட்டி எழுந்து 'எல்லாம் உன்னால்தான்' என்று அக்காவைப் பார்த்துக் கத்துவது போல் ஒரு காட்சி எழுதினேன். எழுதிவிட்டுக் கீழே போனால், அக்காவின் பானைக்கு விறகு உடைத்துக்கொண்டிருந்தார். மேலே வந்து அந்தக் காட்சியை அடித்தேன். பயம் இருக்கிறவர்தான். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் கத்தமாட்டார், வீட்டில் எதையாவது ரிப்பேர் செய்ய ஆரம்பிப்பார்.)

5

இன்று கூரியர் அலுவலகத்திலிருந்து வந்ததும் இதுவரை எழுதியதை முதலிலிருந்து படித்தேன். முரண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. ஒன்று அகப்பட்டது.

இரண்டாம் பகுதி: மழை. துருப்பிடித்த இரும்புத் தட்டில் தோல்கள்.

மூன்றாம் பகுதி: தோலை இரும்பில் மட்டும் வைக்காதே.

இரண்டும் ஒரே கதையில் நிற்க முடியாது. ஒன்றை அடிக்க வேண்டும். கட்டளையை அடிக்க முடியாது, அக்கா அதைச் சொன்னாள், என் காதால் கேட்டேன். ஆகவே தட்டை அடிக்கப் பேனாவை வைத்தேன். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த ஒரே உண்மையான தட்டு. அப்போதுதான் கை நின்றது.

அந்தத் தட்டை நான் ஏன் எழுதினேன்?

அழகுக்காக எழுதினேனா? மழை, துரு, ஆரஞ்சு. கேட்க நன்றாக இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் இப்படி எதையாவது வைப்பார்கள். அல்லது அது உண்மையிலேயே அங்கே இருந்தது, என் கை அதை என்னைக் கேட்காமல் எழுதிவிட்டதா?

தங்கச்சி யோசித்தாள். (இனி அவளே யோசிக்கட்டும். எனக்குத் தலை வலிக்கிறது.) மழை வாரத்தில் பட்டறைக் கூரை ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் மாமா ஒரு தொட்டியை வைத்தார். டொக், டொக் என்று அதில் சொட்டுகிற சத்தம் அவள் அறைவரை கேட்டது. அது பிளாஸ்டிக் சத்தம். பிளாஸ்டிக் தொட்டி அங்கே என்றால், தோல் எங்கே? பட்டறையில் சாயம் நனைத்த நூல் கட்டுகளைக் காயப்போடும் அகலமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. யாரும் அதை எடுப்பதில்லை, உடம்பெல்லாம் துரு. ஜூஸ் கடைப் பையைக் கவிழ்த்துக் கொட்ட அவசரத்துக்கு அது தோதான இடம்தான். அந்த வாரம் தன் விரல்கள் பழுப்பாக இருந்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் சாயப் பட்டறை வீட்டில் யார் விரல்தான் விரல் நிறத்தில் இருந்தது?

அக்கா ஒருமுறை சொன்னது இது. துருவும் இரும்புதான். புளிப்பு துருவைத் தின்னும். எலுமிச்சையைத் தேய்த்தால் கத்தியின் கறை போவது அதனால்தான். அப்படியென்றால் சாறு கசியும் தோல் துருவின் மேல் ஒரு பகலும் இரவும் கிடந்தால், துரு கரைந்து தோலுக்குள் இறங்கியிருக்கும். அன்னபேதித் தண்ணீர் காய்ந்த தோலின் மேலே மேலே நின்றுவிடுகிறது. இது உள்ளே போயிருக்கும். துருவைத் தனியாகக் காந்தத்தில் வைத்தால் சோம்பலாகக் கிடக்கும். தோல் சொல்லவே வேண்டாம். ஆனால் இரண்டும் காற்றில்லாமல் சேர்ந்து வெந்தால், கரி துருவிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் இருப்பது கறுப்பு. அது பாயும்.

(இந்த இடத்தில், கதையும் இப்படித்தான், பொய்யும் உண்மையும் சேர்ந்து வெந்தால் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

ஆக, தட்டு இருந்திருந்தால் அதுதான் காரணம். களிமண் இல்லை. அக்கா வெள்ளிக்கிழமைக்கான பானையைக் களிமண்ணை நம்பிப் போட்டால் அது ஒட்டாது.

தட்டு இல்லாதிருந்தால், அது ஒரு வகுப்புப் பயிற்சிக்காக நான் புனைந்த அலங்காரம். அதை நம்பி அக்கா தன் கடைசிப் பானையைத் துருவில் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கோ அந்தத் தட்டு உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஏனென்றால் சிவப்புப் பேனா அதைப் பாராட்டினாள். இது நல்ல காரணம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

6

இன்று வகுப்புக்குப் போகவில்லை. தட்டைத் தேடப் போனேன். 'தேடப் போனாள்' என்று எழுத வேண்டும். தங்கச்சி தட்டைத் தேடப் போனாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் பெயிண்ட் நெடி ஏறியது. கேட் பச்சை. பீப்பாயின் வெளிப்பக்கம் பச்சை. நூல் உலர்த்தும் சட்டங்கள் பச்சை. சுவரோரம் சாய்ந்து நின்ற அகலத் தட்டும் பச்சை. புதுசு மாதிரி ஈரமாக மின்னியது. நடுவில் மாமா, தலைமயிரில் பச்சை, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு.

"என்ன மாமா இது?"

"அதிகாரி வர்றாருல்ல. பளிச்சுன்னு இருக்கட்டும்."

"தட்டுக்கெல்லாமா?"

"பெயிண்ட் மிச்சமா இருந்துச்சு. வீணாப் போகுமேன்னு."

பானைக்கு மூடி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள். "விட்டா என்னையும் பச்சையா அடிச்சு நிறுத்தியிருப்பாரு."

தங்கச்சி தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். துரு இருந்ததா, அதில் தோல் கிடந்த தடம் இருந்ததா, எல்லாம் பச்சைக்கு அடியில். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேள்வியிலேயே பதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

"ரொம்பக் கஷ்டமா மாமா, துருவெல்லாம் தேய்க்க?"

"கஷ்டமா? இந்தக் கையப் பாரு." மாமா கொப்புளத்தைக் காட்டினார். "கேட்டுக்கு உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு உயிரு போச்சு. இந்தத் தட்டு மட்டும் மாப்பிள்ள மாதிரி தயாரா இருந்துச்சு. உள்பக்கம் துருவே இல்ல, வெள்ளையா வழவழன்னு. அப்படியே அடிச்சுட்டேன்."

"அடிப்பக்கம்?"

"அடிப்பக்கம் பாறை மாதிரி துரு. யாரு குனிஞ்சு பாக்கப் போறா? அடிக்கல."

தங்கச்சி குனிந்து பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்கத் துரு, செதில் செதிலாக. உள்பக்கத்துத் துரு மட்டும் எங்கேயோ போயிருக்கிறது.

(இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 'உள்பக்கம் துருவே இல்ல' என்ற வரியை மாமா சொன்னார். நான் எழுதவில்லை. ஆனால் இவ்வளவு தோதாக ஒருவர் கதைக்குள் வந்து பேசினால், சிவப்புப் பேனா என்ன சொல்வாள் என்று தெரியும். 'வசதியாக இருக்கிறது' என்று ஓரத்தில் எழுதுவாள். யாராவது எப்போதோ வேறு எதற்காகவோ தட்டைத் தேய்த்திருக்கலாம். நூலின் ஈரம் செய்திருக்கலாம். எனக்கு இப்போது மாமாவின் குரலே சந்தேகமாக இருக்கிறது.)

7

முடிவுகள். வகுப்பில் ஒன்றுக்கு மேல் எழுதிப் பார்க்கச் சொல்வார்கள்.

அ. தங்கச்சி வாயைத் திறப்பதில்லை. அக்கா களிமண்ணைக் கெட்டியாகப் பூசுகிறாள். வெள்ளிக்கிழமை காந்தம் அசையாமல் நிற்கிறது. அதிகாரி பேனாவை மூடுகிறார். அண்ணனின் வெள்ளையடித்த அறை. தங்கச்சிக்கு அவள் எழுதிய தட்டு மட்டும் மிஞ்சுகிறது. (இது நடக்கலாம்.)

ஆ. தங்கச்சி சொல்கிறாள், அக்கா துருவில் போடுகிறாள், குடம் தெளிகிறது, மாமா தெருவில் இறங்கி ஆடுகிறார். (மாமா ஆடமாட்டார். கூரையை ரிப்பேர் செய்வார்.)

இ. தங்கச்சி சொல்கிறாள், அக்கா நம்பிப் போடுகிறாள், ஒட்டவில்லை. அக்கா எதுவும் சொல்வதில்லை. மூட்டை கட்டும்போது மட்டும், "அது கதைடி" என்கிறாள்.

'இ'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'அ'விலும் அவர்கள் போய்விடுகிறார்கள். ஆனால் அதில் குற்றம் என்னுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். 'இ'யில் எல்லாருக்கும் தெரியும். இதை எழுதிப் பார்த்த பிறகுதான், இத்தனை நேரமும் நான் எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன் என்று புரிந்தது. தாளை மூடிவிட்டுக் கீழே இறங்கினேன். 'இறங்கினாள்' என்று மாற்றவில்லை.

8

அக்கா காய்ந்த களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா. மழை பெஞ்ச வாரம். அந்த நல்ல பானைக்குத் தோலு... இரும்புத் தட்டுல போட்டேன்னு நினைக்கிறேன்."

கை நின்றது. "நினைக்கிறியா, போட்டியா?"

"தெரியலக்கா."

"என்னடி தெரியல? போட்டது உன் கைதான?"

"கதையில அப்படி எழுதியிருக்கேன். ஏன் எழுதினேன்னு தெரியல. தொட்டிய மாமா ஒழுகுற இடத்துல வச்சிருந்தாரு. தட்டு உள்பக்கம் துரு இல்லைன்னு இப்ப அவரே சொன்னாரு. ஆனா நான் போட்டதப் பார்த்த மாதிரி ஞாபகம் வரல. எழுதினதுதான் ஞாபகம் வருது."

அக்கா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன்.

"நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? இரும்புல வைக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னக்கா."

"ஒரு மாசம். ஒரு மாசமா இந்தக் களிமண்ணோட மாரடிக்கிறேன். பூசுறேன், விரிசல் பாக்குறேன், மறுபடி பூசுறேன். நீ மேல உக்காந்து மயிலு கழுத்து எழுதிட்டு இருக்க."

"அத அடிச்சுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக அவளுக்கே கோபமும் வந்தது. களிமண் கையால் என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

"பாதித் தோல துருவுல, பாதிய பழையபடி போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"பானை ஒண்ணுதான். பாதிக் கரி ஒரு குடத்துக்குப் பத்தாது. அரைக்குடம் தெளிஞ்சா அரை ஷட்டரா திறப்பாங்க?" கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்து முகர்ந்தாள். எதற்கு முகர்ந்தாள் என்று கேட்கவில்லை. பிறகு ஓரமாக இருந்த எலுமிச்சைத் தோலை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தாள். தோலின் உட்பக்கம் பழுப்பாக மாறியது. தட்டில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. இது எதையும் நிரூபிக்காது. எலுமிச்சை துருவைத் தின்னும் என்பது இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும். அன்று தின்றதா என்பதுதான் கேள்வி.

அக்கா அந்தப் பழுப்புத் தோலை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது களிமண்ணு. அது திரும்பத் திரும்பக் காலை வாரிடுச்சு. உனக்குத் தெரிஞ்சது தட்டு. அது இருந்துச்சான்னே உனக்குத் தெரியாது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"என்னையா கேக்குற?"

"தோலு கொண்டு வர்றது நீதான? எதுல போடப்போறன்னு நீ சொல்லு. அப்புறம் ஒட்டலைன்னா உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன். அவரு அண்ணன் வீட்டுக்குப் போனாலும் சொல்லமாட்டேன்."

அவள் சொல்லமாட்டேன் என்று சொன்னதுதான் 'இ'யில் நான் எழுதியதைவிட மோசமாக இருந்தது.

பின்னால் மாமா ஏணியைச் சாய்த்துக் கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார். மழை நின்று பல நாளாகிவிட்டது.

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது கீழே இருக்கிறது. அது சரியா என்பது இல்லை. வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. வந்தபிறகு எழுதினால், நடந்ததை எழுதினேனா, நடக்க வேண்டியதை எழுதினேனா என்று மறுபடி எனக்கே தெரியாமல் போகும். ஆகவே முடிவை எழுதப் போவதில்லை. காந்தத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் பக்கத்தில் நீங்களே பிடித்துப் பாருங்கள்.

நாளை, புதன்:

விடிந்ததும் தட்டின் அடிப்பக்கத்துத் துருவைச் சுரண்டிப் பிளாஸ்டிக் தொட்டியில் சேர்க்க வேண்டும். அக்கா அதை எடை போடுவாள்.

ஜூஸ் கடையில் ஒரு பானைக்கான தோல் வாங்க வேண்டும். எலுமிச்சை அதிகமாக.

துரு மேல் தோலைப் பரப்பி ஊறவைக்க வேண்டும். அக்கா சொல்லும்வரை கிளறக் கூடாது.

எதில் ஊறவைத்தேன் என்பதை, ஊறவைக்கும்போதே, கை ஈரத்தோடு எழுதிவைக்க வேண்டும்.